தோளில் இருந்து இடுப்புக்கு: முதுகுப்பையின் கதை

ஹைக்கிங் போக எந்தப் பாக் நல்லது எண்டு எங்கட பட்ஜில் யாராவது கேட்டால் முதல்ல வாற பதில் விலை. அடுத்தது எத்தனை பொக்கற், மழைக்குத் தாங்குமா, என்ன நிறம். ஹந்தானை ஏறி இறங்கின பிறகுதான் தோள் பேசத் தொடங்கும். நாங்கள் முதலில் கேட்கவேண்டியது வேற: உள்ளே இருக்கிற பாரம் உடம்பின் எந்த இடத்தில் போய் இருக்குது? இந்தக் கேள்வியோட மனிதர் ஐயாயிரம் வருசத்துக்கு மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கினம். அந்த வரலாற்றில் எங்கட மலையகத்துக்கும் ஒரு இடம் உண்டு.

1991இல் இத்தாலி–ஒஸ்ரியா எல்லையில், 3210 மீற்றர் உயரத்தில், பனிக்குள் உறைஞ்சுபோன ஒரு மனித உடல் கிடைச்சது. ஏட்ஸி எண்டு பேர் வைச்சார்கள். அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 5300 ஆண்டுகளுக்கு முன். அவருக்குப் பக்கத்தில் வளைச்ச ஒரு மரக்கம்பும் இரண்டு சின்னப் பலகைகளும் கிடந்தன. அது முதுகில் பொதி கட்டுற சட்டம் எண்டுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கினம். வேற மாதிரிச் சொல்லுற ஆட்களும் உண்டு. சட்டம் எண்டே வைச்சுக்கொண்டால், கல்லாயுதம் முற்றாக மறையாத காலத்திலேயே ஒரு மனுசன் தன் முதுகுக்கு ஏற்ற மாதிரிக் கம்பை வளைச்சுப் பார்த்திருக்கிறார்.

முதுகுச் சட்டம் இல்லாத இடங்களில் மனிதர் கண்டுபிடிச்ச இன்னொரு வழி தலைப்பட்டி. பாரம் முதுகில் தொங்கும், அதைத் தாங்குற கயிறோ பட்டியோ நெற்றியிலோ உச்சந்தலையிலோ இருக்கும். நேபாளத்துச் சுமைதூக்கிகள் இண்டைக்கும் அப்படித்தான் நடக்கினம். கூடைக்கு டோக்கோ, தலைப்பட்டிக்கு நாம்லோ எண்டு பேர். 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, நாம்சே சந்தைக்குப் போற பாதையில் இவர்களை நிறுத்தி நிறுத்துப் பார்த்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கட உடல் எடையின் 93 வீதத்தையும் பெண்கள் 66 வீதத்தையும் சுமந்திருக்கினம். கனமான பாரத்தோட, முதுகுப்பை போட்ட ஐரோப்பியரை விட இவர்கள் குறைஞ்ச சக்தியைத்தான் செலவழிச்சினம். ஆகவே தலைப்பட்டியைப் 'பின்தங்கினது' எண்டு தூக்கி எறிய ஏலாது. ஆனா சக்தி மிச்சமாகிறது ஒரு கணக்கு, கழுத்து நோகிறது இன்னொரு கணக்கு. அந்த ஆய்வு அளந்தது முதலாவதை.

இப்ப கடையில் தொங்குற பாக்கின் நேரடி மூதாதையர் 20ஆம் நூற்றாண்டில்தான் வருகினம். நோர்வேக்காரர் ஓலே பேர்கன் வேட்டைக்குப் போன இடத்தில் பை முதுகை அறுத்த கோபத்தில், ஒரு மரக்கொப்பைத் தன் முதுகு வளைவுக்கு வளைச்சுப் பையில் கட்டினார். 1909இல் காப்புரிமை. பிரித்தானிய இராணுவத்தில் பெரிய முதுகுப்பைக்கு இண்டைக்கும் 'பேர்கன்' எண்டுதான் பேர். பிறகு அமெரிக்கர் லொயிட் நெல்சன். 1920இல் அலாஸ்காவில் பூர்வீகக் குடியைச் சேர்ந்த ஒருவரிடம் கம்பும் கடல்நாய்த் தோலும் சேர்த்துச் செய்த பொதியை இரவல் வாங்கிச் சுமந்து பார்த்தார். அதைத் திருத்தி 1924இல் காப்புரிமை எடுத்தார். 'ட்ரப்பர் நெல்சன்' எண்டு அந்தப் பை பேர் எடுத்துது. இரவல் குடுத்த ஆளின் பேர் பையில் இல்லை.

ஆனா பெரிய திருப்பம் ஒரு காற்சட்டைப் பொக்கற்றில்தான் நடந்தது. 1951இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் டிக் கெல்ரி எண்டவர் ஒரு நண்பரோட நடந்துகொண்டிருந்தார். தோள் நொந்துபோய், பைச் சட்டத்தின் கீழ் முனைகளைப் பின்பொக்கற்றுக்குள் செருகிப் பார்த்தார்கள். உடனே தோள் லேசாயிற்று. பாரம் இடுப்பெலும்புக்கு இறங்கினதுதான் காரணம். முதுகெலும்பும் தோளும் பிடிச்சுக்கொண்டு நிண்ட எடையை, உடம்பிலேயே பலமான எலும்புகளும் காலும் பொறுப்பெடுத்தன. அடுத்த வருசமே வீட்டில் வைச்சுப் பை செய்யத் தொடங்கினார். அவர் அலுமினியக் குழாயை வளைக்க, மனைவி நீனா துணி தைச்சார். வரலாற்றுப் புத்தகங்களில் நீனாவுக்கு ஒரு வரிதான் கிடைக்கும், தையல் முழுக்க அவருடையதாக இருந்தும். இடுப்புப் பட்டி இந்த வழியால்தான் பரவிச்சு.

1963இல் அமெரிக்கக் குழு எவரெஸ்ட்டுக்குப் போனபோது ஏறுநர்களின் முதுகில் கெல்ரி பை. அவர்களுக்கு முன்னால் மலையடிவாரம் வரைக்கும் பொருட்களைக் கொண்டுபோனது 900க்கும் மேற்பட்ட நேபாளச் சுமைதூக்கிகள், ஆளுக்குச் சுமார் 30 கிலோ. அவர்களிட்ட இருந்தது பழைய தலைப்பட்டிதான். ஒரே பாதை, ஒரே வருசம். சொகுசு எண்டது கண்டுபிடிக்கப்பட்டா மட்டும் போதாது, அது யாருடைய முதுகுக்கு எண்டு ஆராவது முடிவெடுக்க வேணும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கேல்லை.

சின்னப் பாக்கின் கதை கொஞ்சம் வேற. 1967இல் சியற்றிலில் தொடங்கின ஜான்ஸ்போர்ட், மலைக்குச் செய்த பையைப் பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வித்தது. மழை நகரம், மாணவர் புத்தகம் நனையாமல் கொண்டுபோக அதை வாங்கிச்சினம். 1978இல் சுவீடனில், தோள்பையால் பிள்ளைகளுக்கு முதுகுவலி வருது எண்ட கவலையில் கோங்கன் பை வந்தது. இப்படி மலையில் இருந்து வகுப்பறைக்கு இறங்கின வழியில் இடுப்புப் பட்டி காணாமல் போச்சு. புத்தகத்துக்கு அது தேவைப்படேல்லை. நாங்கள் கம்பஸ் பாக்கையே தூக்கிக்கொண்டு சிவனொளிபாதமலைக்குப் போறதால்தான் தோள் புண்ணாகுது.

அப்ப என்ன பார்க்கிறது? ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லீற்றர் தாராளம். லீற்றரை விட முக்கியம் முதுகின் நீளம்: தலையைக் குனிஞ்சா கழுத்தடியில் தட்டுப்படுற எலும்பில் இருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும். பாக் அதைவிட நீண்டால் பட்டி இடுப்பில் நில்லாமல் பின்பக்கத்தில் போய் இடிக்கும். உயரத்தை வைச்சு இதைக் கணிக்க ஏலாது. உயரமான ஆளுக்கும் முதுகு கட்டையாக இருக்கலாம். இடுப்புப் பட்டி தடிப்பாக, எலும்பைச் சுத்திப் பிடிக்க வேணும். மலிவுப் பாக்கில் வாற மெல்லிய நாடா பாக் ஆடாமல் பிடிக்குமே தவிர பாரம் தாங்காது. பெண்களுக்கு எண்டு வாற பாக்கில் தோள்வார் வளைஞ்சு, முதுகு கட்டையாக இருக்கும். அது நிற வித்தியாசம் எண்டு நினைச்சுத் தவிர்க்க வேண்டாம். கடையில் வெறும் பாக்கைப் போட்டுப் பார்த்து வாங்கிறது வீண். இரண்டு மூண்டு தண்ணிப் போத்தலை உள்ளே வைச்சு (ஒரு லீற்றர், ஒரு கிலோ), பத்து நிமிசம் நடந்து பாருங்கோ. கடைக்காரர் முறைச்சால் முறைக்கட்டும்.

இனி மலையகம். ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் தொடங்கி நுவரெலியாவில் முடியிற பெக்கோ பாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுது. அதில் பெரும்பகுதி பிரித்தானியர் காலத்தில் தேயிலை கொண்டுபோகப் போட்ட தோட்டப் பாதை. அதில் இடுப்புப் பட்டி போட்ட பாக்கோட போற ஆட்கள், கொழுந்து எடுக்கிற பெண்களைக் கடந்துதான் போகினம். அவர்களின்ர கூடைக் கயிறு தலையில். கயிறு அறுக்காமல் இருக்க அடியில் ஒரு துணியை மடிச்சு வைப்பினம். காலை, மதியம், பின்னேரம் எண்டு நிறுவை. 15, 18, 20 கிலோ எண்டு தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். அந்தக் கிலோ வராட்டி அரைப்பேர். பல தோட்டங்களில் மூங்கில் கூடை போய் நைலோன் பை வந்திட்டுது. கயிறு மட்டும் அதே இடத்தில்.

பேர்கனும் கெல்ரியும் தங்கட முதுகு நொந்தபோது தாங்களே பையை மாத்தினவை. கொழுந்துக் கூடையைச் சுமக்கிற ஆள் ஒருவர், அதைத் தீர்மானிக்கிற ஆள் வேறொருவர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை வர்த்தகமாகத் தொடங்கினதில் இருந்து தொழிற்சாலை இயந்திரங்கள் எத்தனையோ தரம் மாறியிருக்கு. நேபாள ஆய்வைக் காட்டித் தலைக்கயிறு நல்லதுதானே எண்டு ஆராவது வாதாடலாம். அப்படியெண்டால் கேட்கவேண்டியது சுமக்கிறவையிட்டத்தானே.

எங்கட குழுவில் இருக்கிற மலையகத்து நண்பர்கள் இப்ப தங்கட அம்மாமாரிட்டயும் அம்மம்மாமாரிட்டயும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கினம்: கயிறு தலையில் எந்த இடத்தில் வைப்பீங்கள், நிறுவைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்கள், கழுத்து எந்த வயசில் நோகத் தொடங்கிச்சு, பைக்கு இடுப்பில் ஒரு பட்டி வைச்சுத் தந்தால் போடுவீங்களா. பதில்கள் சேர்ந்ததும் இங்கயே தனியாக எழுதுவம். உங்கட வீட்டிலயும் ஆராவது கொழுந்து எடுத்திருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கோ.