கட்டளை வரியில் ஒரு கடிதம்



"ஹாஸ்டல் கதை வேண்டாம், உருப்படியா ஏதாவது எழுதிக் குடுப்பா" என்றார் மலர்க்குழு அண்ணன். ஆகவே, நான் தப்பாக அனுப்பிய ஒரு கடிதத்தில் தொடங்கி, மின்னஞ்சலின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

2014-ல் எனக்குப் பெங்களூரில் வேலை. எங்கள் துறை சார் பணி ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும் தமிழில் ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். மூன்று அரியரோடு படிப்பை விட்டுவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறப்போனவனைத் தேனி பஸ் ஸ்டாண்டு வரை வந்து திருப்பிக் கூட்டிப்போனவர் அவர். நேரில் ஒருநாளும் சொல்லாத நன்றியை அதில் எழுதியிருந்தேன்.

அனுப்பியது 'மட்' என்ற நிரலில். மவுஸ் வேண்டாம், பட்டன் கிடையாது. 'எம்' விசையைத் தட்டினால் யாருக்கு, என்ன பொருள் என்று கேட்கும். எழுதிச் சேமித்து 'ஒய்' தட்டினால் கடிதம் போய்விடும்.

மறுநாள் சின்னமனூரிலிருந்து போன். "தம்பி, மெயில் வந்துச்சு. தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல. குமுளிக்கு அந்தப் பக்கத்து எழுத்தாக்கூட இல்லையேப்பா!"

ஏன் இப்படி ஆனது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மின்னஞ்சல் பிறந்ததே கட்டளை வரியில்தான். 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். முகவரியில் 'அட்' குறியைப் போட்டவரும் அவரே. நம் நாட்டில் 1986-ல் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' திட்டத்தைத் தொடங்கியது. சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் சேர்ந்தன. கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டன. நம்ம ஊரில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவதுபோல, ஒவ்வோர் இடத்திலும் தங்கித் தங்கித்தான் கடிதம் போய்ச் சேரும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 'ஷெல்' கணக்கு வாங்கியவர்கள் வெறும் எழுத்துத் திரையில் 'பைன்' போன்ற நிரல்களில் கடிதம் படித்தார்கள். மைக்கேல் எல்கின்ஸ் 'மட்' நிரலை எழுதியதும் அதே ஆண்டில்தான்.

அந்தத் திரைகளில் தமிழ் வராது. ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலமும் எண்களும் குறிகளுமே அவற்றை நிரப்பிவிட்டன. வணக்கம் என்பதையே ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு என்று தமிழர்கள் வழி கண்டார்கள். ஆனால் படிப்பவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும்.

விடிவுக்கான இரண்டு வேலைகளும் 1992-ல் நடந்தன. போரன்ஸ்டைன், ஃப்ரீட் இருவரும் 'மைம்' முறையைக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது எந்தக் குறியீடு என்று கடிதத்தின் தலைப்பிலேயே சீட்டு ஒட்டும் முறை அது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 'யூடிஎஃப்-8' வகுத்தார்கள். அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்.

என் தவறு இதுதான். சீனியர் ஒருவரின் பழைய அமைப்புக் கோப்பை அப்படியே காப்பி அடித்திருந்தேன். 'சார்செட்' என்ற வரியில் மேற்கு ஐரோப்பியக் குறியீடு இருந்தது. எழுத்து கெடவில்லை, சீட்டுதான் மாறிப்போயிருந்தது. அதனால் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று அந்நியக் குறிகள்! அந்த ஒரு வரியை யூடிஎஃப்-8 என்று மாற்றி, என் பெயரையும் முகவரியையும் சரிபார்த்து, மறுபடி அனுப்பினேன்.

சார் அன்று இரவே பதில் போட்டார்: "இப்பத்தான் நீ பேசுற மாதிரி இருக்கு."

இன்று செல்போனில் எந்த அமைப்பையும் தொடாமல் தமிழில் எழுதுகிறோம். யார் யாரோ உழைத்துப் போட்ட பாதை அது. நண்பர்களே, விழா முடிந்து ஊர் திரும்பியதும் உங்கள் ஆசிரியர் ஒருவருக்குத் தமிழில் ஒரு கடிதம் போடுங்கள். போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்க நம் கல்லூரி!