புத்தகமாகக் கடல் கடந்த மென்பொருள்

1991 ஜூன் மாதம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒருவர் மடிக்கணினியும் மோடமுமாகக் காரில் சுற்றிக்கொண்டிருந்தார். பொதுத் தொலைபேசி ஒன்றின் அருகே காரை நிறுத்துவார். தொலைபேசி வழியே இணையும் கணினிச் செய்திப் பலகை ஒன்றில் சில நிமிடங்களுக்குள் ஒரு நிரலை ஏற்றுவார். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு, சில மைல் தள்ளி இன்னொரு தொலைபேசியைத் தேடிப் போவார். அரசு தடுப்பதற்குள் அந்த நிரலின் பிரதிகள் முடிந்தவரை பல இடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவர் அவசரம். அந்த நிரலின் பெயர் பிஜிபி.

அதை எழுதியவர் அவருடைய நண்பர் பில் ஸிம்மர்மன். கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் வசித்த மென்பொருள் பொறியாளர். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டுக் கைதானவர். போராடுகிறவர்களின் கடிதத்தை யார் பிரித்துப் படிப்பார்கள் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். மின்னஞ்சல் என்பது அஞ்சலட்டை, வழியில் யாரும் படிக்கலாம். சாதாரண மனிதருக்கும் ஓர் உறை வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

அந்த உறைக்குத் தேவையான கணிதம் ஏற்கெனவே இருந்தது. 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் பொதுச் சாவி முறையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே எம்ஐடியில் மூவர் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டுபிடித்தார்கள். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பொதுச் சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் உங்களுக்கான செய்தியைப் பூட்டலாம். திறப்பது உங்களிடம் மட்டுமே இருக்கும் தனிச் சாவி. முன்பின் சந்திக்காத இருவர், ரகசியச் சொல் எதையும் முன்கூட்டிப் பரிமாறிக்கொள்ளாமலே, ரகசியமாகப் பேச முடிந்தது. ஆனால் இந்த வலிமை அரசுகளிடமும் படைகளிடமும் பெரிய நிறுவனங்களிடமும் மட்டுமே இருந்தது. அதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவர ஸிம்மர்மன் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார். வீட்டுக் கடன் தவணைகள்கூடத் தவறிப்போயின.

அவரை விரட்டியது ஒரு மசோதா. 1991இல் அமெரிக்க செனட்டுக்கு வந்த 266ஆம் எண் மசோதாவில் ஒரு வாசகம் இருந்தது. சட்டம் அனுமதிக்கும்போது மக்களின் தகவல்தொடர்பை அரசு வெளிப்படையான வடிவில் பெறும்படி சேவை நிறுவனங்களும் கருவி செய்வோரும் வழி வைக்க வேண்டும் என்றது அது. அந்த வாசகம் சட்டமாகவில்லை. ஆனால் அது வந்துவிடும் என்ற அச்சத்தில்தான் ஸிம்மர்மன் பிஜிபியை, மூலநிரலோடு சேர்த்து, இலவசமாக வெளியே விட்டார்.

முதல் பதிப்பில் ஒரு பலவீனம் இருந்தது. செய்தியைப் பூட்ட அவர் தாமே வடிவமைத்த மறையாக்க முறையில் ஓட்டைகள் இருப்பதை வல்லுநர்கள் காட்டினார்கள். நிரல் திறந்து கிடந்ததால் குறையும் வெளியே தெரிந்தது; திருத்தவும் ஆட்கள் வந்தார்கள். 1992 செப்டம்பரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் நியூசிலாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் இருந்தவர்களின் உழைப்பும் சேர்ந்திருந்தது. ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் ஒருவரின் நிரல் பல நாட்டவரின் நிரலாகிவிட்டது.

சிக்கலும் அதோடு வந்தது. வலுவான மறையாக்கம் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி போர்த் தளவாடம். பீரங்கியைப் போலவே அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1993 பிப்ரவரியில் சுங்கத்துறை அதிகாரிகள் ஸிம்மர்மனைத் தேடி வந்தார்கள். விசாரணை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீண்டது. குற்றம் சாட்டப்பட்டால் சிறை என்ற நிலையிலேயே அவர் அந்த ஆண்டுகளைக் கழித்தார். அதே காலத்தில் குவாத்தமாலாவிலும் பால்கன் நாடுகளிலும் மனித உரிமைப் பணியாளர்கள் சாட்சிகளின் பெயர்களை பிஜிபியால் பூட்டிவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். அத்தகைய பட்டியல் ஒன்று ராணுவத்தின் கையில் கிடைத்திருந்தால் போவது உயிர்கள்.

இந்தப் பயணத்தின் அழகான திருப்பம் 1995இல் நடந்தது. பிஜிபியின் மூலநிரல் முழுவதையும் எம்ஐடி பதிப்பகம் தடித்த புத்தகமாக அச்சிட்டது. நிரலை வட்டில் அனுப்பினால் ஆயுத ஏற்றுமதி. அதையே தாளில் அச்சிட்டால் அது நூல். நூலை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கிறது. வாங்கியவர் அட்டையைப் பிய்த்து, தாள்களைப் பிரித்து, ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் நிரல் மறுபடி உயிர்பெறும். 1996 ஜனவரியில் அரசு வழக்கு எதையும் தொடராமல் ஸிம்மர்மன் மீதான விசாரணையை முடித்துக்கொண்டது.

அட்டை பிய்க்கும் வேலை 1997இல் உண்மையாகவே நடந்தது. பிஜிபி 5.0 பதிப்பின் மூலநிரல் 12 தொகுதிகளாக, 6,000க்கும் மேற்பட்ட பக்கங்களில் அச்சாகிச் சட்டப்படி ஐரோப்பா வந்தது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டோலே ஷூமாக்கரின் முன்னெடுப்பில், ஐரோப்பா முழுவதிலுமிருந்து 70க்கும் மேற்பட்டவர்கள் அதை ஸ்கேன் செய்து, வரி வரியாக மெய்ப்புப் பார்த்தார்கள். நிரலில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் அது ஓடாது. 1,000 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பில் பிஜிபியின் சர்வதேசப் பதிப்பு பிறந்தது. தணிக்கை வரலாற்றில் தடைசெய்யப்பட்ட நூல்களைக் கையால் படியெடுத்துப் பரப்பியவர்கள் பலர் உண்டு. அந்த மரபின் நேர் வாரிசுகள் இவர்கள்.

நீதிமன்றமும் பிறகு அதே இடத்துக்கு வந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதவியலாளர் தொடுத்த வழக்கில், மூலநிரல் என்பது பேச்சு, அதற்கும் கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு ஒன்று சொன்னது. 2000 ஜனவரியில் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன.

இதற்குள் பிஜிபி ஒரு நிறுவனமாகி, அந்த நிறுவனம் 1997 டிசம்பரில் இன்னொரு பெரிய நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. விலைக்கு வாங்கப்பட்ட நிரலை விலை கொடுத்தவர் மூடிவிடவும் முடியும். அந்த அபாயத்திலிருந்து காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, 1998இல் ஓபன்பிஜிபி என்ற பொதுத் தரம் வெளியாகி, எவரும் அதன்படி நிரல் எழுதலாம் என்றானது. மற்றொன்று, ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோச். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் உரையைக் கேட்டுத் தூண்டப்பட்டு, அமெரிக்கச் சட்டம் எட்டாத மண்ணில், காப்புரிமைச் சிக்கல் இல்லாத முறைகளைக் கொண்டு, அவர் ஜிஎன்யூபிஜியை எழுதினார். 1997 இறுதியில் முதல் வடிவம். 1999இல் முழுமையான 1.0 பதிப்பு. யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது அதன் உரிமம். இனி எந்த நிறுவனம் விற்றாலும் வாங்கினாலும் அதைப் பொதுவெளியிலிருந்து எடுத்துவிட முடியாது.

2013இல் எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உலகையே ஒட்டுக்கேட்பதை அம்பலப்படுத்தினார். ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸோடு அவர் தொடர்புகொண்டது இந்த மறையாக்கத்தின் துணையோடுதான். பாய்ட்ரஸ் எடுத்த ‘சிட்டிசன்ஃபோர்’ படத்தின் முடிவில் நன்றிப் பட்டியலில் கட்டற்ற மென்பொருள்களின் பெயர்களும் வருகின்றன. 2014 டிசம்பரில் டெர் ஸ்பீகல் இதழ் வெளியிட்ட ரகசிய ஆவணங்களில், பிஜிபியால் பூட்டிய சில மின்னஞ்சல்களை அந்த முகமையால் திறக்க முடியவில்லை என்ற குறிப்பு இருந்தது. உலகின் மிகப் பெரிய ஒற்று நிறுவனம் தன் ஏட்டிலேயே எழுதிவைத்த சான்று அது.

அதே வேளையில் வெர்னர் கோச் பணமின்றித் தவித்துக்கொண்டிருந்தார். ஆண்டுக்குச் சுமார் 25,000 டாலர் வருமானத்தில், ஏறக்குறைய ஒற்றை ஆளாக அந்த நிரலைப் பராமரித்தார். 2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா செய்தித்தளம் இதை எழுதியதும் நன்கொடைகள் குவிந்தன. உலகம் நம்பியிருந்த ஒரு கருவியை ஒரு தனிமனிதரின் பிடிவாதம் மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தது என்பது வெட்கத்துக்குரியது. கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, இலவசமாக உருவாவதில்லை.

இந்தக் கருவிக்குக் குறைகளும் உண்டு. 1999இல் நடந்த ஓர் ஆய்வில் 12 பேரிடம் பிஜிபியைக் கொடுத்து 90 நிமிடம் அவகாசம் தந்தபோது, மூன்றில் ஒரு பங்கினரால் மட்டுமே செய்தியைச் சரியாகப் பூட்டிக் கையொப்பமிட முடிந்தது. கடிதத்தை மறைத்தாலும் யார் யாருக்கு எழுதினார் என்பதை அது மறைப்பதில்லை. அத்தகைய தடத்தை மறைக்க டோர் போன்ற வேறு கட்டற்ற கருவிகள் வந்தன. எளிமையைச் சிக்னல் என்ற செய்திச் செயலி கொண்டுவந்தது. சிக்னலின் நெறிமுறையை ஏற்று 2016இல் வாட்ஸ்அப் நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் உரையாடலைப் பூட்டியபோது, ஸிம்மர்மன் கேட்ட உறை ஏறக்குறைய எல்லோர் கைக்கும் வந்துவிட்டது.

266ஆம் எண் மசோதாவின் கோரிக்கையும் கூடவே திரும்பத் திரும்ப வருகிறது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டும் வசதியைப் பெரிய செயலிகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 மே மாதம் இந்தியாவில் 14 செயலிகள் முடக்கப்பட்டன. கட்டற்ற மென்பொருள்களான பிரையரும் எலிமென்ட்டும் அவற்றில் அடக்கம். தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. குற்றவாளிகளும் பூட்டுவார்கள் என்பது உண்மையே. ஆனால் அரசுக்கென்று வைக்கும் பின்கதவு திருடனுக்கும் திறக்கும்; கணிதத்துக்கு ஆள் பார்த்து விலகத் தெரியாது.

பிஜிபியைக் காப்பாற்றியது அதன் கணிதம் மட்டும் இல்லை. தொலைபேசி தொலைபேசியாக அலைந்து ஏற்றியவர், புத்தகமாக அச்சிட்டவர்கள், மெய்ப்புப் பார்த்த 70க்கும் மேற்பட்டவர்கள், வறுமையிலும் விடாமல் பராமரித்தவர் என ஒவ்வொரு கட்டத்திலும் அதைத் தம்முடையதாக நினைத்தவர்கள் இருந்தார்கள். ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஓர் உத்தரவில் முடிந்திருக்கும். பகிர்ந்ததால்தான் பிழைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் கட்டற்ற செயலிகளுக்கும் அதே பாதுகாப்புதான் உண்டு: அவற்றை நிறுவுவதும், தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பதும், எழுதுகிறவருக்குப் பணம் அனுப்புவதும், தடை வரும்போது எதிர்த்துப் பேசுவதும் நம் வேலை.