காற்றடைத்த சக்கரம்: 1889 ஆம் ஆண்டின் ஒரு துவிச்சக்கரவண்டிப் பந்தயமும் அதன் விளைவுகளும்

முடிமன்னரின் போர்களும் உடன்படிக்கைகளுமே வரலாறு என்ற கருத்து இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. மக்களின் தொழில்கள், பொழுதுபோக்குகள், அவர்கள் நாளாந்தம் கையாளும் பொருள்கள் ஆகியனவும் வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியனவாகியுள்ளன. இவ்வகையில் நோக்குமிடத்து, 1889 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் ஒரு கல்லூரி விளையாட்டு விழாவிலே நிகழ்ந்த நான்கு துவிச்சக்கரவண்டிப் பந்தயங்கள் சிறப்பாக ஆராயத்தக்கன. பணப்பரிசு ஏதும் பெறாத ஓர் உள்ளூர் ஓட்டுநர், உள்ளூர்க் கடையொன்றிற் செய்யப்பட்ட வண்டியில் ஏறி அவற்றை வென்றார். அவ்வெற்றியை ஈட்டித் தந்த சக்கரமோ இறப்பருக்கு உலகச் சந்தையொன்றைத் திறந்துவிட்டது. அந்தச் சந்தையின் விளைவுகள் கொங்கோவின் காடுகளையும், பின்னர் நமது நாட்டின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களையும் எட்டின. இத்தொடர்பின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திடலும் வண்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் துவிச்சக்கரவண்டிக் கழகங்கள் பெருகின. கழகத்தினர் விடுமுறை நாள்களிற் கூட்டாகப் பயணஞ் செய்தனர். கோடை காலத்தில் வட்டத் திடல்களிற் பந்தயம் ஓடினர். அக்காலத் திடல்களிற் பல வெறும் புற்றரைகளே. பந்தயத்துக்கு ஏற்றதெனக் கருதப்பட்ட வண்டி, முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த உயர்சக்கர வண்டியாகும். 1885 இல் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி, ஏறத்தாழச் சம அளவான இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட 'றோவர்' வண்டியை உருவாக்கினார். கீழே விழும் அபாயம் குறைந்தமையால் இவ்வகை வண்டி 'பாதுகாப்பு வண்டி' எனப்பட்டது. இன்று நாம் ஓட்டும் வண்டியின் நேர் மூதாதை இதுவே.

ஆயினும் இப்புதிய வண்டியில் ஒரு குறை இருந்தது. பெரிய சக்கரம் சிறு குழிகளை எளிதிற் கடந்துவிடும். சிறிய சக்கரமோ ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும். அன்றைய சக்கரங்களைச் சுற்றி இருந்தது கெட்டியான இறப்பர் வளையமாதலால், அதிர்ச்சி முழுவதும் ஓட்டுநரின் உடலைத் தாக்கியது. வேகமும் குன்றியது. மேடு வரும்போதெல்லாம் வண்டியையும் ஆளையும் ஒருங்கே மேலே தூக்குவதில் ஓட்டுநரின் வலு வீணானமையே இதற்குக் காரணம். எனவே பாதுகாப்பு வண்டி வேகத்திலும் முழு வெற்றி பெறவேண்டுமாயின், சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலிருந்த இச்சிக்கல் தீர்க்கப்படவேண்டியிருந்தது.

பந்தய உலகில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓட்டுநர் பணத்துக்காக ஓடுபவர், பணம் பெறாது ஓடும் 'அமெச்சூர்' என இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். அமெச்சூர் ஓட்டுநர் பதக்கமோ கிண்ணமோ பெறலாம்; பணம் பெறலாகாது. ஆனால் வென்ற வண்டியையே மக்கள் விரும்பி வாங்குவர் என்பதை வண்டி செய்வோர் நன்கறிந்திருந்தனர். ஆகவே அவர்கள் புகழ்பெற்ற அமெச்சூர் ஓட்டுநருக்கு வண்டியும் செலவும் மறைமுகமாகப் பணமும் கொடுத்துத் தம் பொருளை ஓடச் செய்தனர். இத்தகையோர் 'உற்பத்தியாளரின் அமெச்சூர்' என ஏளனமாக அழைக்கப்பட்டனர். 1886 இல் இங்கிலாந்தின் தேசிய துவிச்சக்கரவண்டியோட்டுநர் சங்கம் இவர்களுட் பலரைப் போட்டிகளிலிருந்து இடைநிறுத்தியது. ஆயினும் விளையாட்டுக்கும் வணிகத்துக்குமிடையே உருவாகியிருந்த பிணைப்பை அந்நடவடிக்கை அறுத்துவிடவில்லை.

மிருக வைத்தியரும் கடைக்காரரும்

ஜோன் போய்ட் டன்லொப் 1840 இல் ஸ்கொத்லாந்தின் டிறெகோண் என்னும் ஊரிற் பிறந்தவர். 1867 இல் அயர்லாந்துக்கு வந்து, பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராகத் தொழில் புரிந்தார். அவர் பொறியியலாளருமல்லர், பந்தய ஓட்டுநருமல்லர். நகரின் கல்பதித்த தெருக்களில் முச்சக்கர வண்டி ஓட்டிய தம் சிறு மகன் படும் அல்லலைக் கண்டு, 1887 இன் இறுதியில் அவர் பரிசோதனைகளைத் தொடங்கினார். மெல்லிய இறப்பர்த் தகட்டினாற் குழாயொன்றைச் செய்து, அதனை மரத்தட்டொன்றின் விளிம்பிற் பொருத்தி, துணியாற் போர்த்தி, உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பியினால் ஊதினார். பின்னர் இத்தட்டையும் கெட்டி இறப்பர் வளையங்கொண்ட சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டினார். கெட்டி வளையச் சக்கரம் பாதி வழியிற் சாய்ந்தது. காற்றடைத்த தட்டோ முற்றத்தின் மறுகோடிவரை ஓடி மோதித் திரும்பியது. 1888 பெப்ரவரி 28 இரவு, காற்றடைத்த சக்கரங்கள் மகனின் வண்டியிற் பூட்டி ஓட்டிப் பார்க்கப்பட்டன. அவ்வாண்டு யூலையில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டு, திசெம்பரில் அது வழங்கப்பட்டது.

முற்றத்திற் கிடைத்த இம்முடிவைச் சந்தைக்குக் கொண்டுசென்றது பெல்பாஸ்ற் நகரின் எட்லின் கம்பனி என்னும் சிறிய துவிச்சக்கரவண்டி நிலையமாகும். தடித்த ரயரை ஏற்கும்படி சட்டத்தையும் முன்கவரையும் அகலமாக அமைக்கவேண்டியிருந்தது. அவ்வகை வண்டிகளை எட்லின் கம்பனியார் செய்து கொடுத்தனர். அன்றைய ரயர் சக்கரத்தோடு ஒட்டிச் சுற்றப்பட்டிருந்தமையால், காற்று இறங்கினால் துணியையும் இறப்பரையும் உரித்தெடுத்துத் திரும்பவும் ஒட்டவேண்டும். ஆதலின் தேர்ந்த தொழிலாளியின் கை அருகில் இருந்தாலன்றி அவ்வண்டியை எவரும் நம்பி ஓட்டியிருக்க முடியாது. புத்தாக்கத்தின் வரலாற்றில் ஆக்கவுரிமைப் பத்திரத்திற் பெயர் பொறிக்கப்பட்டவரே நினைவுகூரப்படுகின்றார். அப்பத்திரம் உருளத் தொடங்குவதற்கு இத்தகைய கடைகளின் உழைப்பு இன்றியமையாததாயிற்று.

1889 மே 18

காற்றடைத்த ரயர் பூட்டிய வண்டியை முதன்முதலில் விலைகொடுத்து வாங்கியவர், பெல்பாஸ்ற் குறூசேர்ஸ் கழகத்தின் தலைவரான வில்லியம் ஹியூம். அவ்வண்டியிலேயே பந்தயம் ஓடும்படி டன்லொப் அவருக்கு ஆலோசனை கூறினார். குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் ஹியூம் தடித்த சக்கரங்களோடு தோன்றியபோது கண்டோர் நகைத்தனர் என்பர். ஆனால் அன்று நடைபெற்ற நான்கு துவிச்சக்கரவண்டிப் பந்தயங்களையும் அவரே வென்றார். சிறிது காலத்தின் பின் லிவர்பூல் நகரிலும், ஒன்றைத் தவிர ஏனைய போட்டிகள் அனைத்திலும் வெற்றியீட்டினார்.

தோற்றவர்களுள் டப்ளின் நகரத்து வணிகரும் அயர்லாந்துத் துவிச்சக்கரவண்டியோட்டுநர் சங்கத்தின் தலைவருமான ஹாவி டு குறோஸ் என்பவரின் புதல்வரும் இருந்தனர். தம் பிள்ளைகளின் தோல்விக்கு அவர்களது காலின் வலு காரணமன்று என்பதைத் தந்தை உணர்ந்தார். 1889 நவம்பரில் டப்ளினில், பூத் என்பவரின் வண்டி விற்பனை நிலையத்தையும் இணைத்து, காற்று ரயர்க் கம்பனி நிறுவப்பட்டது. டு குறோஸ் அதன் தலைவரானார். 1890 இல் அவரது புதல்வரும், 'ஐரிஷ் சைக்கிளிஸ்ற்' இதழின் ஆசிரியரான ஆர். ஜே. மெக்றெடியும் அடங்கிய அணியொன்று இங்கிலாந்துத் திடல்களில் இறங்கி வெற்றிமேல் வெற்றி பெற்றது. 'ஐரிஷ் படையணி' என மக்கள் அவர்களை அழைத்தனர். அவர்கள் அமெச்சூர் ஓட்டுநர்களே. ஆனால் அணியிலிருந்தோருட் சிலர் கம்பனித் தலைவரின் புதல்வர். ஒவ்வொரு வெற்றியும் கம்பனியின் விளம்பரம். பணம் பெற்றமைக்காக 1886 இல் ஓட்டுநர் இடைநிறுத்தப்பட்டனர். தந்தையின் கம்பனிப் பங்குகளின் பெறுமதியை உயர்த்த ஓடிய புதல்வரை அவ்விதி தொடவில்லை. சம்பளம் வாங்கவேண்டிய நிலையிலிருந்தவனையே அவ்விதி பிடித்தது என்பதும், மூலதனம் உடையோனை விட்டுவிட்டது என்பதும் இங்கு கவனிக்கத்தக்கன.

தனிமனிதனா, சமுதாயமா?

1890 இல் எதிர்பாராத செய்தியொன்று வெளிப்பட்டது. றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தவர் 1845 ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தமையால், டன்லொப்பின் உரிமை செல்லாததாயிற்று. தொம்சனின் சக்கரம் குதிரை வண்டிகளிற் பூட்டிப் பரீட்சிக்கப்பட்டு நற்பயன் தந்தது. இருந்தும் அது மறக்கப்பட்டது. அவரது காலத்தில் இன்றைய வகையான துவிச்சக்கரவண்டி இல்லை, கழகங்கள் இல்லை, வேகத்தைப் பலரறிய மெய்ப்பிக்கும் திடல் இல்லை, திருத்திக் கொடுக்கும் கடை இல்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின் இவை யாவும் இருந்தன. ஒரு கண்டுபிடிப்பு நிலைபெறுவதற்குக் கண்டுபிடித்தவரின் மதிநுட்பத்தோடு அதனை வேண்டிநிற்கும் சமுதாயச் சூழலும் தேவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

வெற்றியின் பயன் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. ரயரை எளிதிற் கழற்றிப் பூட்டும் வெல்ச், பாற்லெற் ஆகியோரின் ஆக்கவுரிமைகளை வாங்கியதன் மூலம் கம்பனி தப்பிப் பிழைத்தது. 1896 இல் டு குறோஸ் அதனை 30 இலட்சம் பவுணுக்கு ஏணஸ்ற் தெரா ஹூலி என்னும் பங்கு வணிகருக்கு விற்றார். ஹூலி அதனைப் புதிய கம்பனியாக்கி 50 இலட்சம் பவுண் மூலதனத்துடன் மக்களிடம் பங்கு திரட்டினார். டன்லொப் தம் உரிமைக்காகப் பெற்றது சிறுதொகையும் சில பங்குகளுமே. 1921 இல் டப்ளினில் அவர் காலமானபோது, உலகெங்கும் விளங்கிய அப்பெயரினால் விளைந்த பெருஞ்செல்வம் அவரிடம் இருக்கவில்லை. திடலில் வென்ற ஹியூமுக்குக் கிடைத்தது ஓட்டுநரின் புகழ்.

இறப்பர் வந்த வழி

கண்ணியின் மறுமுனை இதனினும் துயரமானது. 1890களிற் துவிச்சக்கரவண்டி மோகம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உச்சநிலை அடைந்தது. அதற்கு வேண்டிய இறப்பர் அமேசன் காடுகளிலிருந்தும் ஆபிரிக்காவின் கொங்கோவிலிருந்தும் வந்தது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்த கொங்கோவில், ஒவ்வொரு கிராமமும் குறித்த அளவு காட்டு இறப்பர் கொடுக்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்தப்பட்டது. கொடாதவிடத்துப் பெண்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர், ஊர்கள் எரிக்கப்பட்டன, கைகள் வெட்டப்பட்டன. இக்கொடுமைகளை 1904 இல் வெளியான அறிக்கையிற் பதிவு செய்த பிரித்தானியத் தூதுவர் றொஜர் கேஸ்மன்ற் அயர்லாந்தவர் என்பது நினைவுகொள்ளத்தக்கது. 1908 இல் லியோபோல்டின் ஆட்சி முடிவுற்றது.

இலங்கையின் பங்கு வேறு வகையானது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 1876 இல் எடுத்துச் சென்ற விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, கன்றுகளிற் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடவில் நடப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி திறிமன் 1888 இல், அதாவது டன்லொப் ஆக்கவுரிமை பெற்ற அதே ஆண்டில், அம்மரங்களிற் பால் வெட்டிப் பரிசோதித்தார். நூற்றாண்டின் இறுதியில் ஜோன் பார்க்கின் பேராதனையில் இறப்பர்ப் பாலை அமிலத்தால் உறையச் செய்யும் முறையை ஆராய்ந்தார். 1906 இல் பேராதனைப் பூங்காவில் இறப்பர்க் கண்காட்சி நடைபெற்றது. அப்போது துவிச்சக்கரவண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. இறப்பரின் விலையும் 1910 இல் உச்சத்தை எட்டியது. தாழ்நிலத்தின் ஈரவலயக் காணிகள் தோட்டங்களாயின.

அத்தோட்டங்களிற் சிங்களக் கிராமத்தவரோடு, கங்காணி முறையின்கீழ்த் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் உழைத்தனர். குளிர்ச்சியான வேளையிலேயே பால் நன்கு வடியுமாதலால், விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் சென்று, பட்டையைச் சிறிதளவே சீவிச் சிரட்டையிற் பால் ஏந்தும் தொழில் அவர்களுடையது. கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் கெடும். சற்று மேலோடினால் பால் வராது. பெல்பாஸ்ற் கடைத் தொழிலாளியின் கைத்திறனுக்கு இத்திறன் எவ்வகையிலும் குறைந்ததன்று. இருந்தும் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோதெல்லாம் முதலில் வீழ்ந்தது அவர்களது வேலைநாளும் கூலியுமே. சுதந்திர இலங்கை 1952 இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்து தன் மக்களுக்கு உணவு பெற்றபோது, அந்த இறப்பரிற் தம் உழைப்பையும் கலந்த தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் 1948 இன் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக இருந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ்ப் பலர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேற்றப்பட்டது.

முடிவுரை

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவதாக, அமெச்சூர் விளையாட்டு வணிகத்துக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் அதன் தொடக்க காலத்திலேயே பொருந்தாததாயிருந்தது; திடலே சந்தையின் வாயிலாக விளங்கியது. இரண்டாவதாக, புத்தாக்கமொன்று வைத்தியர், கடைக்காரர், ஓட்டுநர், பத்திரிகையாளர், முதலீட்டாளர் ஆகிய பலரின் கூட்டு விளைவாகும். அதன் பயனோ மூலதனம் உடையோரிடமே பெரிதும் சென்று சேர்ந்தது. மூன்றாவதாக, ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றை இன்னொரு நாட்டின் உழைப்பு வரலாற்றிலிருந்து பிரித்து எழுதுதல் முழுமையாகாது. வென்றவனின் பெயரைப் பந்தய ஏடுகளும், விற்றவனின் இலாபத்தைக் கம்பனிக் கணக்குகளும் காத்துவைத்துள்ளன. பால் வெட்டியவரின் பெயர்களோ பெரும்பாலும் தோட்டச் செக்றோலோடு அழிந்துபோயின. எஞ்சியுள்ள செக்றோல்களையும் முதியோரின் நினைவுகளையும் காலந்தாழ்த்தாது திரட்டுவது நமது தலைமுறை வரலாற்று மாணவரின் கடமையாகும்.