பாடும் வாக்கும்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து 2016 தேர்தல்

தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி அடுத்த தேர்தலிலும் வெல்வது அரிது. 1984இல் நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். வென்றார். அதன்பின் 32 ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதத்தில்தான் ஜெயலலிதாவுக்கு அது வாய்த்தது. வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அதிமுக பெற்றவை 134. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரே கட்சி 1971 முதல் 2015 வரை ஆண்டதன் முன் இது சிறிய செய்திதான். ஆனால் ஐந்தாண்டுக்கொரு முறை ஆட்சியை மாற்றிப் பழகிய மாநிலத்தில் இதற்கு விளக்கம் தேடவேண்டியிருந்தது.

மூன்றாவது அணியான மக்கள் நலக் கூட்டணி எதிர்ப்பு வாக்குகளைப் பிரித்தது என்றார்கள். இலவசங்கள் காப்பாற்றின என்றார்கள். இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே வேறுபாடு என்பதால் முதல் விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் காட்டூரும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களும் அடங்கிய பொன்னேரித் தொகுதிக்கு அது பொருந்தவில்லை. 2006இல் மாநிலம் திமுகவுக்குப் போனபோதும் பொன்னேரி அதிமுகவின் பலராமனைத் தேர்ந்தெடுத்தது. 2011இல் பொன்.ராஜா, 2016இல் மீண்டும் சிறுணியம் பலராமன். ஆள் மாறினார், சின்னம் மாறவில்லை.

ஏன் என்று கேட்டால், ஏரியில் யாருக்கு என்ன உரிமை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். பழவேற்காட்டில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்கள் வலை போடும் இடங்களைப் ‘பாடு’ என்ற முறையில் பகிர்கின்றன. சீட்டுக் குலுக்கி, தலைக்கட்டு வரிசையில் முறை வரும். நல்ல இடம் இன்று ஒருவனுக்கு என்றால் நாளை வேறொருவனுக்கு. ஆட்சி மாற்றத்தை நாம் வியப்பதற்கு வெகுகாலம் முன்பே முறை மாற்றத்தைச் சட்டமாக்கியவர்கள் இவர்கள். இந்தப் பாட்டில் தலித் மீனவர்களுக்கு இடமில்லை. பறியைப் பல்லில் கவ்வியபடி இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இல்லை.

பொன்னேரியோ பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. பாடு உள்ள பட்டினவர் அங்கே வேட்பாளராக முடியாது, பழங்குடியினரான இருளரும் முடியாது; நிற்கக்கூடியவர்களுக்குப் பாடு இல்லை. நீரின் அதிகாரமும் வாக்கின் அதிகாரமும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. ஆகவே ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோவது தேர்தல் பேச்சாக முடியாமல், மீன்பிடித் தடைக்கால உதவித்தொகையே பேச்சானது என்பது என் வாதம். தொகையைத் தருபவர் ஆளுங்கட்சியாக இருப்பதால் அந்தப் பேச்சில் அதற்கே சாதகம்.

இன்னொன்றையும் சேர்க்கலாம். ஏரிக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத் திட்டம் திமுக ஆட்சியில் வேர்விட்டது, 2013இல் ஜெயலலிதா திறந்துவைத்தார். இரண்டு கட்சிகளுக்கும் அதில் பங்கிருந்தபோது, துறைமுகத்தை எதிர்ப்பவர் யாருக்கு வாக்களிப்பது?

2018இல் துறைமுகம் அதானி நிறுவனத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் திட்டம் எழுந்தபின், 2021 பிரச்சாரத்தில் திமுக அதை எதிர்த்தது. அந்த ஆண்டு பொன்னேரி காங்கிரசின் துரை சந்திரசேகருக்குப் போனது. மாநிலமே மாறிய தேர்தலில் இதை மட்டும் துறைமுகத்தின் கணக்கில் எழுதுவது மிகை. ஆனாலும் ஏரியின் செய்தி வாக்குக் கேட்டவர்களின் வாயில் வந்த தேர்தல் அது.