அடுத்தவர் எஞ்சின், சொந்தக் கார்: கோவையில் பந்தயக் கார் கட்டுமானம் வளர்ந்த வரலாறு

ஆரணியில் பட்டுத்தறியின் தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்சின் லியோன் நகரத்தில் 1804ஆம் ஆண்டளவில் உருவான கருவியின் வழிவந்தது. நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. பாவு ஓட்டி, அச்சில் இழை பிணைத்து நெய்து முடித்த பிறகு அதை ஆரணிச் சேலை என்றுதான் ஊரும் சந்தையும் அழைக்கின்றன. அதைப் பிறர் பொருளின் தொகுப்பு என்று எவரும் சொல்வதில்லை. பந்தயக் கார் கட்டியவர்களுக்கு மட்டும் இந்த நியாயம் கிடைக்கவில்லை. எஞ்சின் செய்தவர் பெயரும் ஓட்டி வென்றவர் பெயரும் வரலாற்றில் நிலைக்க, நடுவே நின்று காரைக் கட்டியவர் மறக்கப்படுகிறார். கோயம்புத்தூர் எஸ். கரிவர்தனின் பணியை இந்தப் பார்வையிலிருந்து விலக்கி ஆராய்வது அவசியம்.

ஒப்பிடுவதற்குப் பொருத்தமான களம், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பிரான்ஸ். 350 கிலோ எடைக்கும் 1100 சி.சி. கொள்ளளவுக்கும் உட்பட்ட, இரண்டு பேருக்கு மேல் அமர முடியாத சிறு வண்டிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம் வரிச்சலுகை தந்தது. அந்தச் சலுகையில் பாரிஸின் புறநகர்களில் சிறு பட்டறைகள் பெருகின. விமான எஞ்சின் செய்துவந்த சால்ம்சன் தன் எஞ்சினைத் தானே செய்துகொண்டது. லெவலுவா-பெரே பகுதியில் இயங்கிய பி.என்.சி. போன்ற சிறிய நிறுவனங்களோ ரூபி, ஸ்காப் ஆகிய நிறுவனங்களிடம் எஞ்சின் வாங்கித் தம் சேஸியில் பொருத்தின. 1924இல் திறக்கப்பட்ட மோன்லெரி ஓடுதளத்தின் பெயரையே பி.என்.சி. தன் கார் ஒன்றுக்குச் சூட்டியது. மலிவான எஞ்சின், ஓட்டிப் பார்க்க ஒரு தளம், கைத்திறன் மிக்க பட்டறை ஆகிய மூன்றும் அருகருகே அமைந்ததால் பிறந்த தொழில் அது. 1930களின் பொருளாதார நெருக்கடியை அந்தப் பட்டறைகளில் பல தாங்கவில்லை.

தமிழ்நாட்டில் ஓடுதளம்தான் முதலில் வந்தது. சென்னை மோட்டார் பந்தயச் சங்கம் 1953இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது, பந்தயங்கள் அங்கே வேரூன்றின. வண்டிக்குத்தான் பஞ்சம். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். வசதி படைத்த சிலரால் மட்டுமே வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவர முடிந்தது. மற்றவர்கள் பியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்களைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் கட்டிய வண்டி மற்றவருடையதைப் போல இருக்காது. அதனால் வெற்றி ஓட்டுநருடையதா பணத்தினுடையதா என்று பிரித்தறிய வழியில்லை.

பட்டறைத் திறன் கோவையில் ஏற்கனவே முதிர்ந்திருந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டாரை 1937இல் அங்கே உருவாக்கினார்கள். ஆலைக்கு உதிரிபாகம், விவசாயிக்குப் பம்புசெட்டு என்று வார்ப்புக்கூடங்களும் லேத் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு எழுந்தன. வரைபடம் இல்லாமலேயே மாதிரியைப் பார்த்துப் பாகம் கடைந்து தரும் டர்னர்கள் அந்த ஊரில் உண்டு. 1954இல் பஞ்சாலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த கரிவர்தன், அந்தச் சூழலில் வளர்ந்து சோழவரத்தில் தாமே கார் ஓட்டியவர்.

மூன்றாவது துணையான மலிவான எஞ்சின் 1983 டிசம்பரில் மாருதி 800 வடிவில் வந்துசேர்ந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., 40 குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. பந்தயத்துக்கு இது போதாது என்றே தோன்றும். கரிவர்தன் அதன் அமைப்பைப் பார்த்தார். அந்தக் காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக இருக்கின்றன. அந்தக் கட்டை அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், பின்சக்கரங்களை இயக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கிடைத்துவிடும். நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், தனி கியர்பாக்ஸ் வார்க்க வேண்டாம். மீதிப் பணி குழாய்களை வெல்டு செய்த சேஸியும் கண்ணாடியிழை உடலும். இரண்டும் கோவைக்குக் கைவந்தவை. பழுதானால் மாற்றுப் பாகம் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்.

கரிவர்தன் இப்படிக் கட்டி 1988இல் வந்த ஃபார்முலா மாருதி என்ற காரை வேகத்தை வைத்து மதிப்பிடுவது பிழை என்பது என் கருத்து. அதன் அருமை ஒரேமாதிரித் தன்மையில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சேஸி. வளைவில் எந்த இடத்தில் பிரேக் மிதிக்கிறான், எப்போது கியரைக் குறைக்கிறான் என்பதே ஒருவனை முன்னே நிறுத்தும். திறன் குறைந்த எஞ்சினில் ஒருமுறை வேகத்தைத் தவறவிட்டால் மீட்பது கடினம் என்பதால், வண்டியே ஆசிரியராகிவிடுகிறது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் திறந்தபோது, அதில் ஓடுவதற்கு உள்நாட்டு ஒற்றை இருக்கை வண்டி தயாராக இருந்தது.

அதன் பலனை இரண்டு பெயர்களில் காணலாம். கோவையின் நரேன் கார்த்திகேயன் 1992இல் பிரான்சின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்று திரும்பி, மறு ஆண்டு ஃபார்முலா மாருதியில் பந்தயம் ஓடினார். 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். 2010இல் ஃபார்முலா ஒன்னை எட்டிய சென்னையின் கருண் சந்தோக், அதற்குப் பத்தாண்டுகள் முன்பு ஃபார்முலா மாருதி சாம்பியன் பட்டம் வென்றவர்.

அவர்களில் எவரும் அந்த உயரத்துக்குப் போனதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று இலகுரக விமான விபத்தில் 41 வயதில் இறந்தார். பி.என்.சி. போன்ற பட்டறைகள் மூடியபோது அவற்றின் தொழிலும் அடங்கியது. கோவையில் அவ்வாறு நிகழவில்லை. ரோலான் சங்கிலிகள் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் (எல்.ஜி.பி.) நிறுவனத்தின் பி. விஜயகுமார், செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தளம் அமைத்து 2003இல் அதற்குக் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயரிட்டார். மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றது. அதற்கு முன்பே அடுத்த தலைமுறைக் கார்கள் கோவையில் தயாராகிவிட்டன. அவற்றில் எல்.ஜி.பி. பெயர் தாங்கிய ஒற்றை இருக்கைக் காருக்குள் இருப்பது மாருதி ஸ்விஃப்ட்டின் எஞ்சின்.