கோட்டை காத்த கால்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுந்தூரம் மதில்போல ஓங்கி நின்று, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே தாழ்ந்து வழிவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கீழைக்காற்றும் மேலைமழையும் அவ்வழியே வந்து போகின்றன. தமிழும் மலையாளமும் அவ்வழியே பழகி ஒன்றையொன்று அறிந்தன. 1862-ஆம் ஆண்டில் போத்தனூரையும் மலையாளக் கரையையும் இருப்புப்பாதை இணைத்த பின்னர், பிழைப்புத் தேடி வெளியூர் செல்வோர்க்கும் அக்கணவாய் தலைவாயில் ஆயிற்று. சமையற்கலைஞரும், கணக்கரும், சுருக்கெழுத்தாளரும், ஆசிரியரும் அவ்வாயில் வழியே பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் சென்ற வரலாறு நேயர்கள் அறிந்ததே. அவர்களோடு காற்பந்தாட்டக்காரரும் சென்றனர் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர்களுள் கோலைக் காத்து நின்றவர் சிலரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

காற்பந்தில் கோல் அடித்தவரின் பெயரை மறுநாள் செய்தித்தாள் பெரிய எழுத்தில் அச்சிடும். கோல் விழாமல் தடுத்தவருக்கு அந்தப் பேறு வாய்ப்பதரிது. அடிக்கப்பட்ட கோல்களை எண்ணலாம். அடிக்கப்படாமற் போனவற்றை யார் எண்ணுவார்? பின்காவலர் ஒரு முறை தவறினால் பல்லாண்டுகள் பேசுவார்கள். தொண்ணூறு நிமிடம் தவறாது நின்றால் ஆட்டம் மந்தமாக இருந்தது என்பார்கள். காலப்போக்கில் அவருடைய பணியும் கடினமாயிற்று. எதிர்க்கோலை நெருங்கி நிற்கும் ஆட்டக்காரருக்குப் பந்து அனுப்பப்படும்போது, அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. 1925-ஆம் ஆண்டில் அது இருவர் என்று தளர்த்தப்பட்டது. முன்வரிசையினருக்கு வழி எளிதாகவே, நடுவரிசையில் நின்ற ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலராக நிறுத்தும் முறை உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில் வேறொரு சிக்கலும் இருந்தது. நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டு மைதானத்தில், யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. பூட்ஸ் அணிந்து பாய்ந்து வருபவனின் காலிலிருந்து வெறுங்காலால் பந்தைப் பறிப்பது எப்படி? அத்தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் அணிவதை நாட்டின் காற்பந்துச் சம்மேளனம் கட்டாயமாக்கியது.

இனிக் கணவாய்க்கு வருவோம். பாரதப்புழையின் கரையில் அமைந்தது ஒற்றப்பாலம். எஸ். எஸ். நாராயணன் 1934-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவ்வூரில் பிறந்தபோது, அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழர் பலர் குடியேறியிருந்த பம்பாயின் மாதுங்காப் பகுதியில் அவர் தம் ஆட்ட வாழ்வைத் தொடங்கினார். நண்பர்களுக்கு அவர் ‘பாபு’. காவலர் வரிசைக்கும் பின்னே, கோலின் இரு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் கடைசிக் காவல் அவருடையது. கூடைப்பந்தாட்டத்திலும் அவர் தேர்ந்தவர். உயரே வரும் பந்தைக் கையால் பற்றும் பழக்கம் இரண்டு ஆட்டங்களுக்கும் உதவியிருக்கும் என்று நாம் கருதலாம்.

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் அவர் இடம் பெற்றார். அந்த நவம்பர் முதல் நாளில்தான் மொழிவழி மாநிலமாகக் கேரளம் பிறந்தது. ஒற்றப்பாலம் புதிய மாநிலத்தைச் சேர்ந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, இந்தியா ஆஸ்திரேலியாவை 4-க்கு 2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் காற்பந்தில் நம் நாடு எய்திய மிக உயர்ந்த நிலை அதுவே.

ஒற்றப்பாலத்துக்குத் தெற்கே, பழைய கொச்சி நாட்டு இரிஞ்ஞாலக்குடாவில் 1935-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓ. சந்திரசேகரன். இவர் பின்காவலர். இவரும் பம்பாய் சென்றார். இருவரையும் அங்கே ஈர்த்தது எது? அக்காலத்தில் ஆட்டத்தையே ஊதியத்துக்குரிய தொழிலாகக் கொள்ளும் வழி நம் நாட்டில் இல்லை. பெரிய வணிக நிறுவனங்கள் தம் அணிக்காக ஆட்டக்காரர்களை வேலைக்கு அமர்த்தின. பகலில் அலுவலகம், மாலையில் மைதானம். மாத இறுதியில் நிலையான சம்பளம். கால்டெக்ஸ் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் அணி அவற்றுள் ஒன்று. 1958-ஆம் ஆண்டில் பம்பாயின் புகழ்பெற்ற ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி வென்றது. அந்த நிறுவனத்தின் கொடியின் கீழ் நாராயணனும் சந்திரசேகரனும் ஆடினர்.

வேலையும் ஆட்டமும் இவ்வாறு இணைந்து நின்றது பெருநகரங்களில் மட்டுமன்று. பாலக்காட்டுக்குத் தெற்கே, ஆனைமலைக்கு அப்பால், இன்று இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த மூணாறு உள்ளது. அங்கே தேயிலை பறிக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள், எஸ்டேட்டுக்கு ஓர் அணியாக ஃபின்லே கேடயத்துக்குப் போட்டியிட்டனர். வார நாட்களில் கொழுந்தும் கவ்வாத்துமாக உழைத்தவர்கள் ஆட்ட நாளன்று மலைச்சரிவுகளிலிருந்து இறங்கி வந்து தத்தம் அணிக்காக ஆரவாரம் செய்தனர். அவர்களுள் பலர் ஒலிம்பிக்கைக் காணவில்லை. ஆயினும் அயலூரில் தமக்கென்று ஓர் அணி இருப்பதன் பெருமையை, மாதுங்காவாசிகளைப் போலவே அவர்களும் அறிந்திருந்தனர்.

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் அணியில் நாராயணன், சந்திரசேகரன் இருவரும் இருந்தனர். அங்கே இந்தியா ஹங்கேரியிடம் 2-க்கு 1 என்று தோற்றது. பிரான்சுடன் 1-க்கு 1 என்று சமன் செய்தது. பெருவிடம் 3-க்கு 1 என்று தோற்றது. அந்தப் பெரு ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் தஞ்சைத் தமிழர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் அதுவே. இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதனிடம் மீண்டும் வருவோம்.

சந்திரசேகரனின் வாழ்வில் உச்சம் 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நிகழ்ந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 2-க்கு 0 என்று தோற்றது. பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் ஆகிய அணிகளை வென்று, செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை மறுபடியும் எதிர்கொண்டது. மைதானத்தில் கூடியிருந்த பெருங்கூட்டம் நம்மவருக்கு எதிராக முழங்கிற்று. பயிற்சியாளர் ரஹீம், தலையில் காயமுற்றுத் தையலிடப்பட்டிருந்த பின்காவலர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டார். முன்னே போன காவலர் கோலும் அடித்தார், பி. கே. பானர்ஜி மற்றொன்று அடித்தார். இந்தியா 2-க்கு 1 என்று வென்று தங்கம் பெற்றது. ஜர்னைல் சிங் முன்னே செல்ல முடிந்ததற்குக் காரணம், பின்னே சந்திரசேகரன் முதலியோர் இடம் பெயராது நின்றதே. அடித்தவர் பெயரை நாடு அறியும். நின்றவர் பெயரை நாமேனும் சொல்லிவைப்போம்.

அதன்பின் வந்த 1963–64 ஆண்டின் சந்தோஷ் கோப்பைப் போட்டியை, வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் தம் கதையாகவே கொள்ளலாம். இறுதி ஆட்டம் சென்னையில் நடந்தது. மகாராஷ்டிரம் ஆந்திரப் பிரதேசத்தை 1-க்கு 0 என்று வென்றது. மராட்டியரின் அணிக்குத் தலைவர் இரிஞ்ஞாலக்குடாச் சந்திரசேகரன். அவ்வணியில் ஒற்றப்பாலத்து நாராயணனும் இருந்தார். பிறந்த மாநிலத்துக்கு அந்தக் கோப்பை இன்னும் கிட்டவில்லை. புகுந்த மாநிலத்துக்கு அவர்கள் அதைப் பெற்றுத் தந்தனர். உண்ட ஊரின் கோட்டையை ஊழியம் பிசகாது காத்த இவர்களை அயலார் என்று எவரால் சொல்ல முடியும்?

கேரளம் அந்தக் கோப்பைக்காக மேலும் பத்தாண்டு காத்திருந்தது. 1973-ஆம் ஆண்டு டிசம்பரில் எர்ணாகுளத்தில், அணித்தலைவர் மணி மூன்று கோல் அடிக்க, இரயில்வே அணியை 3-க்கு 2 என்று வென்று முதன்முறையாக அதைப் பெற்றது. அந்த அணிக்குப் பயிற்சியளித்தவர் யார்? ரோமில் கோல் அடித்த அதே சைமன் சுந்தரராஜ். மலையாளி ஒருவர் மராட்டியருக்குத் தலைமை தாங்கினார். தமிழர் ஒருவர் மலையாளிகளை வழி நடத்தினார்.

பின்னர் 1992-ஆம் ஆண்டில், கணவாயின் கிழக்கு வாயிலுக்கு அருகேயுள்ள கோயம்புத்தூரில், கேரளம் கோவாவை 3-க்கு 0 என்று வென்று அக்கோப்பையை மறுபடியும் ஏந்திற்று. அணித்தலைவர் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த வி. பி. சத்யன்; அவரும் பின்காவலரே. இந்திய அணிக்கும் தலைமை தாங்கிய அவர், பிறகு சென்னையில் இந்தியன் வங்கியின் அணியில் சேர்ந்தார். 2006-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே அகால மரணம் அடைந்தார். கூட்டம் கலைந்தபின் ஒரு காவலரின் வாழ்வு எப்படிப் போகிறது என்று நாடு கேட்பதற்கு அவர் மரணம் வேண்டியிருந்தது. அவர் வாழ்வைத் தழுவிய மலையாளத் திரைப்படம் 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று, பம்பாய்க்கு அடுத்த தாணேயில் நாராயணன் மறைந்தார். 22-ஆம் நாள் ரோம் அணியின் மற்றொரு வீரரான ஹக்கீம் மறைந்தார். 24-ஆம் நாள் கொச்சியில் சந்திரசேகரன் காலமானார். ஒரே அணியைச் சேர்ந்த மூவர் ஒரே மாதத்தில் விடைபெற்றனர். ஒற்றப்பாலத்தார் இறுதி வரை தாம் புகுந்த மண்ணிலேயே இருந்தார்; இரிஞ்ஞாலக்குடாக்காரர் தாய்நிலம் திரும்பிக் கண் மூடினார். ஊர் விட்டவர்களின் வாழ்வு இவ்விரண்டில் ஒன்றாகவே முடிகிறது. இரண்டிலும் குறை ஒன்றுமில்லை.

இன்றோ ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தமும் ஊதியமும் தரும் தொழில்முறைச் சங்கங்கள் நம் நாட்டில் பெருகியுள்ளன. வேற்று மாநிலத்து மைதானம் எதிலேனும் நம் பிள்ளைகள் பின்வரிசையில் நிற்கக் கண்டால், பந்து அவர்களிடம் வரும்வரை காத்திராமல், அவர்கள் நிற்கும் நிலையையும் ஒரு கணம் நோக்குவோமாக.