சேரும்போது இல்லாத நோய்



நம் திருத்தணியில் என்னிடம் படித்த ஒருவன் பட்டாளத்திலிருந்து வலிப்பு நோயோடு வந்திருக்கிறான். "முன்பே இருந்த நோய் என்றால் பென்ஷன் கிடையாதா சார்?" என்று கலங்கினான். அவனுக்குச் சொன்ன வரலாறு இது.

தரம்வீர் சிங் 1985-ல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். 1994-ல் இதே வலிப்பு நோய்க்காக, 20 சதவீத ஊனம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உடல்வாகால் வந்த நோய் என்று ஊன பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது மருத்துவர் குறிக்காத நோயைப் பொதுவாகப் பணியில் வந்ததாகவே கொள்ளவேண்டும், மறுப்பவர்தான் நிரூபிக்கவேண்டும், சந்தேகத்தின் பலன் வீரருக்கே.

2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன, அவற்றையும் பாருங்கள். சேர்ந்த நாளின் மருத்துவக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், பிள்ளைகளே.